பச்சையை முதலில் பார்த்தது யார்?

ஒளி வரவில்லை. மார்லீஸ் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள். உள்ளே கரி பூசினாற்போல் இருட்டு.

“ஃபபியான், இங்க வந்து பாரேன். வெள்ளி கறுத்துப் போச்சு!”

பக்கத்து அறை ஃபபியான் எட்டிப் பார்த்தாள். “இருபது வருஷம் டிராயருக்குள்ள கிடந்தா கறுக்காம என்ன செய்யும்? அடுத்த வாரம் புதுக் கட்டடத்துக்குப் போகப் போறோம். இப்ப எதுக்கு இது?”

“வெண்ட்லிங் வர்றான்.”

ஃபபியான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். அந்த ஸ்ட்ராஸ்பூர் நகர ஆய்வுக்கூடத்தில் மார்லீஸின் காதுபட அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஒரு காலத்தில் மார்லீஸும் ரெமி வெண்ட்லிங்கும் ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே மேஜையில் வேலை செய்தவர்கள். கண்ணாடித் துண்டின் மேல் தலைமயிரைவிட மெல்லிய வெள்ளிப் படலம். அதில் வரிசை வரிசையாக நுண்துளைகள். ஒளியின் அலை நுழைய முடியாத அளவுக்குச் சின்னத் துளைகள். நியாயப்படி மறுபக்கம் இருட்டாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் ஒரு மழைநாள் மதியம், துளைகளின் மேல் விழுந்ததைவிட அதிக ஒளி, பச்சைப் பசேலென்று வெளியே வந்தது. வெள்ளியின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் அலையடித்து ஒளியைத் துளைக்குள் தள்ளிவிடுகின்றன என்பது பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு இருவரும் குழந்தைகள் மாதிரி குதித்தார்கள்.

“பச்சையை நான்தான் முதல்ல பார்த்தேன்” என்று மறுநாள் இருவருமே சொன்னார்கள். அதோடு பேச்சு நின்றது.

இப்போது ரெமி மகளோடு தூரத்து லீல் நகருக்கே குடிபோகிறானாம். போவதற்கு முன் ஒருதரம் அந்தப் பச்சையைப் பார்க்கவேண்டுமாம்.

“எங்க அம்மா வெள்ளி ஸ்பூனைச் சமையல் சோடா போட்டுத் தேய்ப்பாங்க” என்றாள் ஃபபியான்.

பதற்றத்தில் மார்லீஸ் அதையும் செய்தாள். கறுப்பு போயிற்று. வெள்ளியும் போயிற்று. கண்ணாடித் துண்டு சுத்தமாகப் பளபளத்தது.

“ஐயோ! உன்னோட புது வெள்ளி சாம்பிளைக் கொடு. அஞ்சே நிமிஷம்.”

“ஆறு மாசமா செஞ்சது, பார்த்து...”

மார்லீஸ் அவசரமாக லென்ஸை இறக்கினாள். சாம்பிள் ‘கிறுக்’கென்று உடைந்தது. ஃபபியான் கண்களை மூடிக்கொண்டாள்.

வெளியே டிராம் மணி கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தால், தொப்பியும் தடியுமாக ரெமி இறங்கிக்கொண்டிருந்தான். மகள் அனூக் அவன் கையைப் பிடித்திருந்தாள்.

“உன் வாயில என்ன?” மார்லீஸ் ஃபபியானிடம் கேட்டாள்.

“புதினா மிட்டாய்.”

“அதைச் சுத்தியிருந்த காகிதம் எங்க?”

பச்சைக் காகிதம் வெறும் கண்ணாடித் துண்டின் அடியில் போயிற்று. இருபது வருஷமாக நேர்மையாக அளந்த கை, குற்றவாளியின் கை மாதிரி வியர்த்தது.

ரெமி வந்தான். முதுகு கூனியிருந்தது. சிரிப்பு மட்டும் மாறவில்லை.

“இன்னும் அதே ஓட்டை நாற்காலிதானா, மார்லீஸ்?”

“நீ உட்கார்ந்து உடைச்சதுதானே!”

அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது கண்ணில் நீர். “அதே பச்சை. துளிகூட மாறலை.” தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். “அன்னைக்கு நீதான் முதல்ல பார்த்தே. ஒத்துக்கிறேன்.”

மார்லீஸ் இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை, மிட்டாய்க் காகிதத்தைப் பார்த்துவிட்டா வரவேண்டும்! “இல்ல ரெமி, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பார்த்தோம்” என்று அவனைக் கட்டிக்கொண்டாள்.

அவன் பழைய அறைகளைப் பார்க்க ஃபபியானோடு நகர்ந்ததும் மார்லீஸால் தாங்க முடியவில்லை. அனூக்கை ஓரமாக இழுத்தாள்.

“உங்க அப்பாவை ஏமாத்திட்டேன்மா. அது நிஜப் பச்சை இல்ல, மிட்டாய்க் காகிதம்.”

அனூக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அதை விடுங்க மேடம், அப்பாவுக்குப் பிறந்ததிலேர்ந்தே பச்சையும் பழுப்பும் ஒண்ணுதான், இன்னிக்குப் போட்டிருக்கிற சாக்ஸ் என்ன கலர்னே என்னைக் கேட்டுத்தான் போட்டார்!”