தாம்போதியில் முதுகு காட்டி வந்த மாப்பிள்ளைக் கார்

பெருச்சாளி ஏறும் பெருமானே, மயிலேறும் இளையவனுக்கு மூத்தவனே, விடையேறும் ஈசன் பெற்ற பிள்ளாய், காப்பு! வாகனப் பித்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதத் துணிந்த அடியேனுக்கு முன்னின்று அருள்வாயாக. உன் வீட்டில் கால்நடையாகப் போவோர் எவரும் இலர் என்ற துணிவிலேயே உன்னை அழைக்கின்றேன்.

வளர்பிறைப் பஞ்சமியும் வெள்ளிக்கிழமையும் கூடிய இந்தத் தைமாத நன்னாளில், இராகுகாலம் கழித்து, கிழக்கு நோக்கி அமர்ந்து இதைத் தொடங்குகின்றேன். (நேரம் பார்த்தே தொடங்குகின்றேன். நேரம் பார்த்து நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகின்றேன் என்பதையும் மறவாதிருக்க.)

வாகனப் பித்து வயதோடு தணியும் நோயன்று. ஊர்காவற்றுறைத் துறையடியில் எழுவைதீவுப் படகு புறப்பட்ட பின், நாங்கள் மூன்று நான்கு ஓய்வுபெற்ற கிழவர்கள் கூடி, ஆளுக்காள் தாம் ஆண்ட வாகனங்களைப் புகழ்ந்து பேசுவது வழக்கம். எனக்கும் ஒரு வரலாறு உண்டு. என் முதல் மோட்டார் சைக்கிள், தட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டு துளி பெற்றோலில் கண் விழித்து மண்ணெண்ணெயில் ஓடியது. அதில் சென்று நான் பதிகம் பாடினால், சந்நிதியில் கர்ப்பூர வாசத்தை என் வேட்டியின் வாசம் வென்றுவிடும். அடுத்து வந்த ஸ்கூட்டர், பிரேக் பிடித்தால் ஹோர்ண் அடிக்கும். ஹோர்ண் அடித்தால் நின்றுவிடும். ஆயினும் நண்பர்கள் இவற்றைக் கேட்பதற்குப் பொறுமை காட்டுவதில்லை. "உதுகளை விடும் ஐயா, நந்தியின்ரை கதையைச் சொல்லும்" என்பார்கள்.

நந்தி என்பது என் கார். என் வயதினும் மூத்தது, வெண்ணிறம், கியர்த் தடி ஸ்ரேரிங் தண்டிலேயே இருக்கும் பழைய வார்ப்பு. நிறத்தைக் கருதி நான் இட்ட பெயர், குணத்துக்கும் பொருந்திற்று. அமர்ந்த இடத்தில் அமர்ந்திருப்பதே அதன் இயல்பு. அதைத் திருத்தி ஓடச்செய்தவர் ஊர்காவற்றுறை மெக்கானிக் அன்ரன். ஒருநாள் அவர் காரின் கீழிருந்து வெளியே வந்து சொன்னார்:

"ஐயா, கியர்த் தண்டிலை புஷ் தேய்ஞ்சு போச்சு. ஒருநாளைக்கு றிவேர்ஸிலை விழுந்து இறுகிச்செண்டால் பிறகு எடுக்க ஏலாது. ஒரு மணித்தியால வேலை. நாளைக்கு வாறன்."

நாளை செவ்வாய்க்கிழமை. இரும்பில் கைவைக்க ஆகாது என்றேன்.

"அப்ப புதன்?"

அட்டமி.

"வெள்ளி?"

பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். கரிநாள்.

"எங்கடை வேதக்காரருக்கு உந்தக் கரிநாள் இல்லையே ஐயா. நான் செய்தால் என்ன பிழை?"

"உமக்கில்லை. காருக்கு இருக்கு. இது சைவக் கார்."

அன்ரன் காரை ஒருமுறை சுற்றி வந்தார். "அப்ப கொஞ்ச நாளைக்குப் பின்னுக்கு எடுக்காமல் ஓடச் சொல்லி அதுக்கு ஒரு பாட்டுப் படியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இளமையில் செய்த பிழை என்று இதிலிருந்து தப்பவும் எனக்கு வழியில்லை. அப்போது எனக்கு வயது ஐம்பத்தெட்டு. சைவசமய பாடம் படிப்பித்து ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தேன்.

அந்த மாதத்தில்தான் என் மகேசு அக்காவின் மகன் கஜனுக்குத் திருமணம் கூடிற்று. கஜனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் ஒருமுறை வருவான். புங்குடுதீவில் துளசி என்ற ஆசிரியையை அவன் விரும்பிக் காத்திருந்தது ஐந்து வருடம். அதில் இரண்டு வருடத்தை வீணாக்கியவன் அடியேன். இரண்டு விடுமுறைகளில் பார்த்த இரண்டு முகூர்த்தங்களிலும் நுணுக்கமான தோஷம் கண்டு தள்ளிவைத்தேன். மூன்றாவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கும் பத்து இருபத்தைந்துக்கும் இடையில் பழுதற்ற ஒரு முகூர்த்தத்தைக் கண்டெடுத்தேன். அதற்குப் பின் எட்டாம் நாள் அவன் கப்பல் ஏறவேண்டும்.

"மாமா, இதையும் விட்டியளெண்டால் என்ரை கலியாணத்தையும் அறுபதாங் கலியாணத்தையும் ஒண்டாய்த்தான் வைக்கோணும்" என்றான் கஜன்.

பெண்ணின் தந்தை ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். முகூர்த்தம் தவறினால் அடுத்த விடுமுறை வரை பேச்சே இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். ஒரு நிமிடம் பிந்தி வந்த ஆசிரியரை மாணவர்களோடு வரிசையில் நிறுத்தியவர் என்று அவருக்கு ஊரில் பெயர் உண்டு. (அந்த ஆசிரியர் நான்தான்.)

வாடகைக் கார் வேண்டாம், தாய்மாமனின் நந்தியே மாப்பிள்ளையைச் சுமக்கும் என்று நான் அடம்பிடித்தேன். அத்தோடு நில்லாமல் சட்டங்களும் வகுத்தேன். மாப்பிள்ளைக் கார் ஓரடியேனும் பின்னோக்கிப் போகலாகாது. ஆரத்தி எடுத்து ஏறிய மாப்பிள்ளை, புங்குடுதீவில் மணம் நடக்கும் கோயில் வாசலில்தான் இறங்கவேண்டும். இடைவழியில் நிலத்தில் கால் படலாகாது. என்ஜினை மூடும் பொனற்றின் குறுக்கே கட்டிய மாலையைத் தாலி கட்டி முடியும்வரை அவிழ்க்கலாகாது. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடல்நடுவே செல்லும் தாம்போதியின் தொடக்கத்தில் உள்ள பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் பாலம் ஏறலாகாது.

எட்டரைக்குப் புறப்பட்டோம். உறவினரெல்லாம் என் மனைவி புவனத்தின் தலைமையில் வான் வண்டியில் முன்னே போய்விட்டார்கள். காரில் நான், பின்னிருக்கையில் தலைப்பாகையோடு கஜன், அவனருகே அக்கா. வீடியோக்காரர் இருவர் ஒரு மோட்டார் சைக்கிளில் கூட வந்தார்கள். நந்தி அன்று அற்புதமாக ஓடிற்று. மகிழ்ச்சி மிகுந்து நான் ஒரு பதிகத்தை எடுத்துப் பாடினேன். ஐந்தாம் பாட்டில் கண்ணை மூடினேன் என்பது அக்காவின் குற்றச்சாட்டு. நான் அதை ஏற்கவில்லை, பாதிதான் மூடினேன்.

"டேய் தம்பி! பிள்ளையாரைத் தாண்டிப்போட்டாய்!"

பார்த்தேன். கோயில் முப்பது அடி பின்னே இருந்தது. இறங்கி நடந்து உடைத்திருக்கலாம். ஆனால் காருக்கு முன்னால் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சை வைக்கவேண்டும் என்பதும் நான் எழுதிய சட்டமே. ஒரு சட்டத்தைக் காக்க இன்னொரு சட்டத்தை முறிப்பதென்று தீர்மானித்து, மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டு, பின்கியரைப் போட்டேன்.

போனோம். உடைத்தேன். தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் வந்து ஏறித் தடியை இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். தடி கல்லில் நட்டதுபோல் நின்றது. நேரம் எட்டு ஐம்பத்தைந்து.

அன்ரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மனிதர் தேவாலயத்தில் பூசையில் இருந்தார்.

"ஐயா, மாப்பிள்ளை எங்கடை சைக்கிளிலை ஏறட்டும், கொண்டுபோய் விடுறம்" என்றார் வீடியோக்காரர்.

"கால் நிலத்திலை படக்கூடாதெண்டு உங்கடை ஐயாதானே சொன்னவர்" என்றார் அக்கா. "இரண்டு முகூர்த்தத்தை இவன்ரை சொல்லைக் கேட்டு விட்டனாங்கள். இனி இவன் சொன்னபடியே நடக்கட்டும், நானும் பாக்கிறன்!"

அப்போது கஜன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு மெல்லக் கேட்டான்:

"மாமா, பின்னுக்குப் போகுதுதானே?"

"போகும்."

"அப்ப பின்னாலையே போவம்."

கப்பலோட்டியின் புத்தி! கோயிலடி வெளியில் பின்பக்கமாகவே அரைவட்டமடித்து, நந்தியின் முதுகைப் புங்குடுதீவுக்கும் முகத்தை வேலணைக்கும் காட்டித் தாம்போதியில் ஏறினேன். வலக்கை ஸ்ரேரிங்கில், இடக்கை இருக்கையின் மேல், கழுத்து முதுகுப்புறம். இருபுறமும் கடல். பின்கியரில் நந்தி வண்டியில் கட்டிய கிடாய் போல ஓயாது கத்திற்று. கஜனும் அக்காவும், விட்டுவந்த ஊர் மெல்ல மெல்லச் சிறுத்துப் போவதைப் பார்த்தபடி நேராக அமர்ந்திருந்தார்கள்.

புவனம் தொலைபேசியில் வந்தாள். அக்கா அதை என் காதில் பிடித்தார்.

"எங்கை நிக்கிறியள்?"

"தாம்போதியிலை."

"அதென்ன கார் கத்திற சத்தம்? முன்னுக்குத்தானே வாறியள்?"

"வாறம்" என்றேன். பொய் சொல்லாதிருக்க அதற்கு மேல் பேசவில்லை.

பாதிவழியில் ஒரு பக்கம் திருத்தவேலைக்குக் கல் குவித்து, ஒரு வாகனம் மட்டும் போக இடம் விட்டிருந்தார்கள். அந்த ஒடுக்கத்துக்குள் நாங்கள் நுழைந்த நேரம், புங்குடுதீவிலிருந்து பேருந்து ஒன்று வந்து எதிரில் நின்றது. எதிரில் என்றால், என் முதுகுக்கு எதிரில். எங்கள் காரின் பின்புறத்தைக் கண்ட சாரதி, நாங்கள் அவருக்கு முன்னே அதே திசையில் போகின்றோம் என்றே எண்ணினார். ஆனால் முன்னே போகும் கார் நெருங்கி நெருங்கி வருவது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. ஹோர்ண் அடித்தார். நடத்துநர் இறங்கி ஓடிவந்தார்.

"ஐயா, எந்தப் பக்கம் போறியள்?"

"புங்குடுதீவுக்கு."

"அப்ப ஏன் வேலணையைப் பாத்துக்கொண்டு போறியள்?"

"கியர் இறுகிப்போச்சு தம்பி."

"கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ, நாங்கள் போயிடுறம்."

"அதுதான் ஏலாதே! ஏலுமெண்டால் நான் ஏன் கழுத்தைத் திருகிக்கொண்டு நிக்கிறன்?"

அவர் உள்ளே குனிந்து தலைப்பாகையைக் கண்டார். "எத்தனை மணிக்கு முகூர்த்தம்?"

"பத்து இருபத்தைஞ்சோடை முடியுது" என்றான் கஜன். "அண்ணை, ஐஞ்சு வருசம் காத்திருந்தனான்."

நடத்துநர் நிமிர்ந்து பேருந்தை நோக்கிக் கூவினார்: "அண்ணை, மாப்பிள்ளை! பின்னுக்கு எடுங்கோ!"

அந்தக் காட்சியை என்றும் மறவேன். பேருந்து பின்னோக்கிப் போக, அதைத் தொடர்ந்து நந்தியும் பின்னோக்கிப் போக, கடலின் நடுவே ஒரு தேர்த்திருவிழா தலைகீழாக நடந்தது. பயணிகள் முன்கண்ணாடியில் முண்டியடித்து நின்று எங்கள் பின்புறத்தைத் தரிசித்தார்கள். ஒரு அம்மா குரவையும் இட்டார். அகன்ற இடம் வந்ததும் பேருந்து ஒதுங்கிற்று. "ஐயா, தாலி கட்டேக்கையாவது பொம்பிளையின்ரை முகத்தைப் பாக்கச் சொல்லுங்கோ!" என்று சாரதி வாழ்த்தினார்.

கோயில் வாசலை நாங்கள் அடைந்தபோது பத்து பதினான்கு. நாதஸ்வரம் முழங்கிற்று. ஆரத்தித் தட்டோடு நின்ற இரு பெண்களும் திகைத்து, வழக்கம் விடாது டிக்கிக்கு ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளையின் கால் கழுவச் செம்போடு நின்ற துளசியின் தம்பி, பின்னிலக்கத் தகட்டின் முன் பணிந்து நின்றான். கோயிலுக்குள் கல் நந்தி மூலவரையே பார்த்திருக்க, என் நந்தி முழு முதுகையும் காட்டி நின்றது.

அதிபர் வந்தார். காரை ஒருமுறை சுற்றினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வரிசையில் போய் நிற்கத் தயாரானேன்.

"பதினொரு நிமிசம் கிடக்கு" என்றார். "முதல்லை பெடியனை இறக்குங்கோ. காரைப் பிறகு விசாரிப்பம்."

கஜன் இறங்கியதும் ஓடவில்லை, பறந்தான். பத்து இருபத்து மூன்றுக்குத் தாலி ஏறிற்று. நாதஸ்வரத்துக்கு மேலாகக் கேட்டது அதிபரின் சிரிப்பு. அவர் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மதியப் பந்தி முடிய, தவறிய அழைப்புகளைக் கண்டு அன்ரன் வந்துசேர்ந்தார். தாலி ஏறிவிட்டதால் மாலையை அவிழ்த்தோம். பொனற்றைத் திறந்து ஒரு விரலை உள்ளே விட்டார். "டக்" என்றொரு ஓசை. கியர் விடுபட்டது.

"இவ்வளவுந்தானோ?" என்றேன்.

"இவ்வளவுந்தான் ஐயா. வழியிலை பொனற்றைத் திறந்திருந்தால் நீங்களே தட்டியிருப்பியள். மாலையை அவிழ்க்கக் கூடாதெண்டு எந்த விசரன் சொன்னவன்?"

குடும்பம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் அவர்களைப் பார்க்க முயன்றேன், கழுத்து திரும்பவில்லை. அடுத்த இரண்டு வாரமும் பிள்ளையார் முன்னே நின்றால் என் பார்வை பக்கத்துச் சந்நிதி வைரவரிடமே போயிற்று.

வருடங்கள் கழிந்தும் கதை ஓயவில்லை. கஜனோடு சிறு பிணக்கு வந்தாலும் துளசி சொல்வாள்: "வரேக்கையே ஓடுறதுக்கு ஆயத்தமாய், முகத்தை வீட்டுப் பக்கம் வைச்சுக்கொண்டு வந்த மனிசனெல்லே!" அவர்களின் ஐந்து வயது மகள், கலியாண வீடியோவைக் கைப்பேசியில் பின்னோக்கி ஓட்டக் கற்றுவிட்டாள். அதில் அவள் தந்தை மணவறையிலிருந்து பின்புறமாகப் பாய்ந்துவந்து காரில் விழுகின்றார்; நந்தி மிக ஒழுங்காக, முன்னோக்கி, தாம்போதியில் விரைகின்றது. சென்ற வாரம் என் மடியில் இருந்து கேட்டாள்:

"தாத்தா, நீங்கள் அப்பாவைக் களவெடுத்துக்கொண்டு ஓடினனீங்களோ?"

இன்றும் தீவுப்பகுதியில் திருமணம் கூடினால் வெற்றிலை பாக்கோடு என்னிடம்தான் வருகின்றார்கள். நாளும் நேரமும் குறித்துக் கொடுக்கின்றேன். வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்து, தலை சொறிந்து, ஒரே வார்த்தையைச் சொல்கின்றார்கள்: "ஐயா… கார் நாங்கள் பிடிக்கிறம்."

இதைப் படித்தோரும், படிக்கக் கேட்டோரும், கேட்டுச் சிரித்தோரும் நோயின்றி, குறைவின்றி, நெடுங்காலம் முன்னோக்கியே செல்வார்களாக. ஒருகால் பின்னோக்கிச் செல்ல நேர்ந்தாலும், வழிவிடும் பேருந்து எதிர்ப்படுவதாக. முகூர்த்தம் தவறாது சென்று சேர்வார்களாக.