கள்ளிக்குப்பத்து மொட்டைமாடியில் விண்மீன் மறைந்த படலம்

என் மேல்வரிசையில் மிஞ்சியிருக்கும் மூன்று பற்கள் மீது ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஓரெழுத்தும் பொய்யில்லை. பொய்யென்று காட்டுகிறவர் வீட்டு மூன்றாம் மாடிக்கு ஆயுள் முழுக்கத் தண்ணீர் கேன் நான் தூக்குவேன்.

வாழ்க பக்தவத்சலம். ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்தைந்தாண்டு பீரங்கி வண்டிகளுக்கு நட்டு முடுக்கிய மணிக்கட்டினன். கேபிள்காரர் கழித்துவிட்ட ஆறடி இரும்புத் தட்டை ஆகாயத்தை நோக்கி நிமிர்த்தி, மொட்டைமாடியில் மூவேழு நாள் வெயில் குடித்த வீரன். அவன் வேட்டையாடியது மதயானையை அன்று. பல்சர் என்னும் மாண்ட விண்மீனை. ஆவடிக்கும் பாரிமுனைக்கும் நடுவே அடங்கிவிடும் உடம்பு, நொடிக்குச் சில நூறு சுழற்சி, சுழலுந்தோறும் ஒரு வானொலித் துடிப்பு. துணைவிண்மீன் ஒன்று மூன்றரை மணி நேரத்துக்கொருமுறை அதைச் சுற்றிவந்து, தன் ஆவிப்படலத்தால் அதன் குரலை மறைக்கும் என்பது அவன் படித்த நூல்களின் வாக்கு.

வாக்குப் பிசகவில்லை. தட்டோடு பிணைத்த ஒலிபெருக்கியில் 'ஙொய்' என்று எழுந்த நாதம் பகல் ஒன்றேகாலுக்கு அடங்கியது. நாலே முக்காலுக்கு அடங்கியது. இரவு எட்டேகாலுக்கும் அடங்கியது. நடுவில் ஆறரைக்கும் ஒருமுறை அடங்கியதை, துணைவிண்மீன் தும்மியதாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

ஆனால் அதே இடத்தில் ஆயிரம் லிட்டர் தொட்டியை ஏற்றியே தீருவேன் என்று சூளுரைத்திருந்தாள் அவன் இல்லக்கிழத்தி ஜெகதாம்பாள். வாங்கிய தொட்டி வாசலில் கரும்பூதமென நின்றது. பழைய இரும்பு வாங்கும் அஸ்கர், தராசும் ஸ்பேனருமாகக் காலனைப்போல் படியேறி வந்துவிட்டான்.

"இன்னிக்கு நாலே முக்காலுக்கு உங்க நட்சத்திரம் வாய மூடணும். மூடலைன்னா தட்டு அஸ்கர் வண்டில ஏறும். அவ்ளோதான்" என்றாள் தேவி.

"சீக்கிரம் மறைய சொல்லு அண்ணாத்தே. குமணன்சாவடில இன்னொரு லோடு கீது" என்றான் காலன்.

கீழ்வீட்டுக்காரரும், பாவாடை விளிம்பெங்கும் பூந்தோட்டம் பூக்கவைக்கும் எம்பிராய்டரி மெஷினின் அதிபதியுமாகிய கலீல் ரகுமான் நடுவராக அழைக்கப்பட்டிருந்தார். பெருநாள் ஆர்டர் தலைக்குமேல் நிற்பதால், தொழுகை முடித்துத்தான் வர இயலும் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

மணி நாலு நாற்பத்து மூன்று. நாதம் பாசறை முரசென அதிர்ந்தது. நாற்பத்து நான்கு. அஸ்கர் முதல் போல்ட்டில் ஸ்பேனரைப் பூட்டினான். தன் மணிக்கட்டே முடுக்கிய போல்ட் அது என்பதைக் கண்ட பக்தவத்சலம், களத்தில் தேரிழந்த மன்னனென வானத்தை நிமிர்ந்து பார்த்தான். அதுகாறும் அம்பத்தூர் வட்டாரத்தில் எவரும் வானத்தை அப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை.

நாற்பத்தைந்து. கடல் உள்வாங்கியதுபோல் நாதம் நின்றது.

ஸ்பேனர் கைநழுவித் தரையில் விழுந்தது. ஜெகதாம்பாள் ஒலிபெருக்கியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கல்யாணமான புதிதில் பார்த்ததுபோல் கணவனைப் பார்த்தாள்.

"தொட்டிய பின்பக்கம் வச்சிக்கலாம்" என்றாள்.

இருபது நிமிடம் கழித்து, தலையில் தொப்பியோடு படியேறி வந்த கலீல் ரகுமான் வெற்றிவீரனை மார்புறத் தழுவி, "சாதிச்சிட்ட மச்சான்" என்று சொல்லிவிட்டு, வேலை கிடக்கிறதென்று விரைந்து இறங்கினார். அவர் இறங்கி இரண்டு நிமிடம் ஆகுமுன், மறைப்பு நீங்கிய விண்மீன், எண்டிசையும் நடுங்க, ஏழுலகும் கேட்க, மீண்டும் முழங்கியது.

கலீல் ரகுமான் தொழப் போகும்போதெல்லாம் மெஷினை அணைத்துவிட்டுத்தான் போவார்.