தினமும் ஒரு கப் வாட்டர்கிரெஸ்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காளின் கணவன் எழுதுவது. நலமா என்று கேட்டுவிட்டுத்தான் கடிதம் எழுத வேண்டும் என்பதால் கேட்டிருக்கிறேன், பதில் தேவையில்லை. போனில் பேசலாமே என்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். நேரில் பேசினால் நேற்றைப் போல நர்ஸ் வந்து, "ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க" என்று படிக்கட்டுக்குத் துரத்துவாள். காகிதம் குறுக்கே பேசாது. இதை உன் வீட்டுத் தபால் பெட்டியில் நானே போடுவேன். மணி அடிக்கமாட்டேன்.

படிக்கட்டில் நீ என்ன கேட்டாய்? "அத்தான், அக்காவை ஆட்டுக்குட்டின்னு நெனச்சீங்களா? இலையைப் போட்டுப் போட்டே இப்படிப் படுக்க வெச்சுட்டீங்களே!" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவருக்குக் கழுத்தில் பட்டை. அவரும் கஷ்டப்பட்டுச் சிரித்தார். அதோடு விட்டாயா? "வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். அக்கா எங்க வீட்டுக்குத்தான் வர்றா" என்றாய். நாற்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவள் எந்த வீட்டுக்குப் போவது என்று தீர்ப்புச் சொல்ல, இது நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் இல்லை. என் தரப்பை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் படித்துவிடு.

ஆறு மாதத்துக்கு முன் அவள் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க மாத்திரை. டாக்டர் உன் எதிரில்தான் சொன்னார்: "கீரை சாப்பிடலாம்மா. ஆனா தினமும் ஒரே அளவு. கீரையில இருக்கற வைட்டமின் கே மாத்திரையோட வேலையைக் குறைக்கும். திடீர்னு கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது." அளவு என்ற சொல்லை எனக்கு விளக்க வேண்டுமா? ஐம்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவன். உன் கல்யாணக் கோட்டை நான்தான் வெட்டினேன். அதில் இடது தோள் இறங்கியிருந்தது உன் தோளின் குற்றம்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு எதுவும் ருசிக்கவில்லை. "அட்டையை மெல்லற மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளுவாள். பதினோரு கிலோ இறங்கிவிட்டாள். அப்போதுதான் முடிவெட்டும் கடையில் ஒரு பத்திரிகையில் வாட்டர்கிரெஸ் பற்றிப் படித்தேன். ஓடும் தண்ணீரில் வளரும் கீரை, கலோரி இல்லை என்றே சொல்லலாம், வைட்டமின் ஏ, சி, கால்சியம், அந்த கே எல்லாம் உண்டு என்று போட்டிருந்தது. முடி வெட்டுகிறவரைக் கேட்டுப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, நேரே காய்கறிக் கடைக்குப் போனேன். அவள் ஒரு தண்டைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "யப்பா, கடுகு மாதிரி ஏறுது! எனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கறதே இப்பத்தான் தெரியுது" என்றாள். அன்று அவித்த முட்டையோடு ரொட்டிக்குள் வைத்து இரண்டு துண்டு சாப்பிட்டாள். நீ வாங்கி வந்த சத்து மாவு டப்பா இன்னும் பிரிக்காமல் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போ.

அதன் பிறகு நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். தண்ணீர்ச் செடி என்பதால் நத்தையும் புழு முட்டையும் ஒட்டியிருக்கும், ஓடையில் சும்மா கிடைக்கிறது என்று பறித்துத் தின்னக்கூடாது, கடையில் வாங்கியதையே மூன்று தண்ணீரில் அலசவேண்டும். உருளைக்கிழங்கு சூப்பில் போடுவதென்றால் அடுப்பை அணைத்த பிறகுதான், இல்லாவிட்டால் பச்சை போய்ப் பழைய காக்கி நிறமாகிவிடும். ஆரஞ்சுச் சுளையோடு கலந்தால் காரம் அடங்கும். நாமே வளர்க்கலாமே என்று பால்கனியில் ஒரு தொட்டி வைத்தேன். தொட்டி ஒழுகி, கீழே குடியிருக்கும் வீட்டுக்காரரின் விளக்கு அணைந்து, அவர் இருட்டிலிருந்து ஏறி வந்து, "ஐயா, நான் வீட்டைத்தானே வாடகைக்கு விட்டேன், குளத்தையா விட்டேன்?" என்று கேட்டார். உன் அக்காள் சிரித்தாள் தெரியுமா! ஆபரேஷன் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ அப்போது எங்கே இருந்தாய்?

இனி முக்கியமான விஷயம். நீல விளிம்பு போட்ட ஒரு கப். தினமும் அந்தக் கப் நிறையக் கீரை, ஒரு இலை அதிகமும் இல்லை, ஒரு இலை குறைவும் இல்லை. மாதாமாதம் ரத்தம் சோதித்து மாத்திரையைச் சரியாக வைத்திருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் அவளுக்கு வாய்ப்புண் வந்தது, பச்சைக் கீரை எரிகிறது என்றாள். பூண்டு போட்டு வதக்கிக் கொடுத்தேன். அப்போதும் அதே கப், அதே விளிம்பு வரை. நான் அளவை மாற்றவே இல்லை. அடுத்த சோதனைக்கு ஒன்பது நாள் இருந்தது. போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை அவள் தண்ணீர் டம்ளரை எடுத்தாள், அது கையிலிருந்து நழுவியது, அவள் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தக் கட்டி என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு.

இப்போது அவள் வாயில் ஒரே சொல்தான் வருகிறது. நீ, "எங்க வீட்டுக்கு வர்றியாக்கா?" என்று கேட்டாய். "போதும்" என்றாள். அந்த வீட்டில் பட்டது போதும் என்கிறாள் என்று நீ அர்த்தம் சொன்னாய். நான், "தம்பி வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டேன். அதற்கும் "போதும்." நர்ஸ் ஊசி போட்டாலும் "போதும்"தான். ஆகவே உன் வாக்கும் செல்லாது, என் வாக்கும் செல்லாது. அளவு தவறாதவன் வீட்டுக்கு அவள் வருவதுதான் நியாயம். வெள்ளிக்கிழமை நீ வரவேண்டாம்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு இப்போதைக்கு உடல்நலம் மட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு கிழித்து எழுதுகிறேன். என் அளவு சரி என்று எழுதி வாங்கி இதோடு வைக்கலாம் என்று, ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் கப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பெரியவரே, பச்சையில ஒரு கப்பு. வதக்கினப்புறமும் ஒரு கப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "அது அப்படியே சுருங்கிடுமே. நாலஞ்சு கப்பு பச்சைக் கீரை அதுக்குள்ள போயிருக்குமே" என்றாள். ரத்தம் கட்டியது இதனால்தான் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். நல்ல பெண். தினமும் மூன்று கட்டு வாங்கியவன் நான்தான். ஒரு கட்டு ஏன் மூன்றானது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு துணியைக்கூட நான் நனைத்துப் பார்க்காமல் வெட்டியதில்லை. கீரை மேல் எனக்குப் புகார் இல்லை, சுருங்குவதை அது மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டியோடு வா. அவளுடைய ஏழு சட்டைகளில் பொத்தானை எடுத்துவிட்டு, இடது கையால் இழுத்து ஒட்டுகிற பட்டை தைத்திருக்கிறேன். எட்டாவது சட்டை இன்னும் மெஷினில் இருக்கிறது. முடித்ததும் உன் வீட்டுக்கு நானே கொண்டுவருகிறேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதே. அளவு சரியா என்று அவளுக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.