வெள்வேல் விதையும் அம்மாவின் ஏழு ஆடுகளும்

எங்க நைனா ஒரு முடிவெடுத்தால் வீட்டில் யாராவது எதையாவது இழக்கணும். இந்த முறை அம்மாவின் ஏழு ஆடுகள்.

நைனா கோதண்டத்துக்குத் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை. மொட்டையாகிப்போன பக்கத்துக் குன்றில் நம்ம ஊர் மரங்களையே திரும்ப வளர்க்க ஒரு குழு வந்தது. ஐந்நூறு வெள்வேல் மரக்கன்று தருவதாக நைனா அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார்.

"வரலட்சுமி, காட்டுக்கு மொத எதிரி ஆடு. எல்லாத்தையும் வித்துடு."

"வித்துடலாங்க. மொதல்ல உங்க விதை முளைக்கட்டும்."

"பத்தே நாள்!"

"ஆங். முளைச்ச அன்னிக்கே ஓட்டிக்கினு போங்க."

யாரையும் கேட்காமல் அம்மா எடுத்துச் செலவழிப்பது அந்த ஆடுகளில் வருவதை மட்டும்தான்.

பத்து நாள் போனது. ஆடிக் கிருத்திகைக்குக் கோயிலுக்கு வந்த கூட்டமும் மலை இறங்கிப் போனது. நைனா விதை ஊன்றிய ஐந்நூறு பையிலும் வெறும் மண்.

"விதை பூரா சொத்தை!" என்றார் நைனா.

"மரத்துல ஏறிப் பறிச்சது நீங்கதான?"

ஒரு பையைத் தோண்டிப் பார்த்தேன். விதை போட்ட மாதிரியே இருந்தது, கல்லாட்டம். சாகவில்லை. தண்ணீர் உள்ளே போகவே இல்லை, அவ்வளவுதான். பதினொன்றாவதோடு நான் பள்ளிக்கூடம் போகாமல் நின்றபோது என்னையும் சொத்தை என்றுதான் சொன்னார்கள். அந்த விதையைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

மறுநாள் நைனா கடைக்குப் போனதும், மிச்சமிருந்த அரை மூட்டைக் காயை அம்மா ஆடுகளுக்குக் கொட்டினாள். ஆடு காயைத் தின்னும். அசைபோடும்போது விதையைத் துப்பும், மிச்சம் புழுக்கையோடு வரும். வயிற்றுக்குள் போய் வந்த விதைக்குத் தோல் இளகிவிடும். நாலு நாள் பட்டியைக் கூட்டிப் பொறுக்கினோம். அதே பைகளில் ஊன்றினோம்.

"நைனாகிட்ட சொல்லலாமாம்மா?"

"இப்ப சொன்னா சிரிப்பாரு. முளைக்கட்டும்டி."

எட்டாம் நாள் முளைத்தது. நைனா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அன்றைக்கே குழுவிலிருந்து நிர்மலா மேடம் பார்க்க வந்தார்.

"எல்லாம் என் கைராசி மேடம்."

"அடுத்த வருஷம் ரெண்டாயிரம் கன்னு தருவீங்களா சார்?"

"அஞ்சாயிரமே தரேன்!"

அம்மா பட்டி கூட்டிய கூடையைக் கொண்டுவந்து மேடம் முன்னால் வைத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மேடம் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நைனா கூடையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

அம்மா ஏழு ஆடுகளையும் அவிழ்த்துக் கயிறுகளை அவர் கையில் கொடுத்தாள்.

"சொன்னா சொன்னதுதாங்க, ஓட்டிக்கினு போங்க. அஞ்சாயிரத்துக்கும் காயை நீங்களே மென்னு துப்பிடுங்க."