பச்சை முகத்துக்கு ஓர் உரையாசிரியர்

உலகத்தில் படம் வரைகிறவர்கள் உண்டு. படம் பார்க்கிறவர்கள் உண்டு. இருவருக்கும் நடுவில், சரியாகப் படத்தை மறைத்துக்கொண்டு நிற்கிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அதற்கு உரையாசிரியர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பல ஊர்களில் சுற்றி, மழைக்கு ஒதுங்கவும் கால்வலிக்கு உட்காரவும் ஓவியக் கூடங்களுக்குள் நுழைந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த இனம் இல்லாத ஊரே இல்லை.

அடையாளம் காண்பது எளிது. கைகளைப் பின்னால் கட்டியிருப்பார். மூக்கு படுகிற தூரத்துக்குப் படத்தை நெருங்கி, கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, திடீரென்று பின்வாங்கி, பின்னால் நிற்பவர் காலை மிதித்து, மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக "ம்ம்ம்" என்பார். அந்த "ம்ம்ம்" உங்கள் காதில் விழுந்ததோ, தொலைந்தீர்கள். விளக்கம் யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. கேட்காதவருக்குச் சொல்வதுதான் இவர் கலைக்குச் செய்யும் தொண்டு.

சென்ற வாரம் ஒரு கண்காட்சியில் இவர் ஓவியனின் அக்காவிடம் மாட்டிக்கொண்டார்.

அழைப்பிதழில் அச்சான படத்தைப் பார்த்த நாளிலிருந்து அக்காவுக்குத் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. படத்தில் ஒரு பெண். முகம் பச்சை, ஒரு கன்னம் பூசணிக்காய், வாய் கோணல், தாடையில் தீப்பிடித்த மாதிரி சிவப்பு. வரைவதற்காக எதிரே உட்கார்ந்தவள் அக்காதான்.

"நீ கழட்டுறியா, இல்ல நானே கழட்டவா?"

வாசலிலேயே கேட்டுவிட்டு உள்ளே போனாள். தம்பி அங்கேயே நின்றுவிட்டான். கூடத்தின் நட்டநடுச் சுவரில் இருந்தது அந்தப் படம். அவன் வரைந்ததிலேயே உருப்படியானது அதுதான். அவனுக்கு அக்காவும் வேண்டும், படமும் வேண்டும்.

அக்கா சட்டத்தில் கை வைப்பதற்குள் "ம்ம்ம்" கேட்டது.

"பயப்படாதீங்கம்மா. இது எக்ஸ்பிரஷனிசம். கண்ணுக்குத் தெரியறத வரையற காலமெல்லாம் மலையேறிடுச்சு. இவங்க உள்ள இருக்கறத வரைவாங்க. நவீன ஓவியத்துக்கே வாசக்கதவு இதுதான்."

"உள்ள என்ன இருக்காம்?"

"மனித குலத்தோட ஓலம். பச்சை, அழுகிப்போன நாகரிகம். வீங்கின கன்னம், பேராசை. இது ஒரு பெண்ணே இல்ல."

"சார், இது நான்."

உரையாசிரியர் கனிவோடு சிரித்தார். "அப்படித்தான் தோணும். அதுதான் இந்தப் படத்தோட வெற்றி."

"கடவாப்பல்லு சார்! வலியில உயிரே போச்சு. 'அசையாம உக்காருக்கா, இப்ப முடிஞ்சுடும்'னு உக்கார வெச்சுட்டான் பாவி."

"பல்வலிங்கறது மேலோட்டமான வாசிப்பும்மா."

மேலோட்டமா! தம்பி மேல் அதுவரை சேர்த்துவைத்த கோபம் அத்தனையும் ஒரே திருப்பாகத் திசை மாறியது.

"என்னது, மேலோட்டமா? இந்தச் செவப்பப் பாருங்க. தாடையில ஆரம்பிச்சு காதுக்குள்ள போகுதா? வலி அப்படித்தான் சார் போச்சு! வாய்விட்டுச் சொல்ல எனக்கே தெரியல, இவன் வரைஞ்சிருக்கான். பச்சையா? அன்னிக்கு எனக்கு உலகமே பச்சையாத்தான் இருந்துச்சு. ஒரு வாய் தண்ணி எறங்கல, பேராசையாம் பேராசை!"

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள் மாதிரி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள்.

"டேய், அங்க என்ன முழிச்சுக்கிட்டு நிக்கற? இங்க வா. இவ்வளவு வலிக்குதுன்னு தெரிஞ்சுதான வரைஞ்ச? ஏன்டா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல?"

"வெளிச்சம் போயிடுமேன்னு பார்த்தேன்கா."

முதுகில் ஓர் அடி விழுந்தது. வீட்டு வழக்கப்படி அதற்குச் சமாதானம் என்று பொருள். படம் சுவரிலேயே இருந்தது.

உரையாசிரியர் தோற்றுப்போனார் என்றா நினைக்கிறீர்கள்? அந்த இனத்துக்குத் தோல்வியே கிடையாது. அடுத்து வந்த இளம் தம்பதியிடம் அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்:

"ம்ம்ம். இத நாம நாகரிகத்தோட பல்வலின்னு வாசிக்கணும்." பிறகு அக்கா பக்கம் திரும்பி, "அம்மா, கொஞ்சம் நகருங்க, படத்த மறைக்கறீங்க."

நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வருகையில், அக்காவின் கடைவாய்ப்பல் எதற்குக் குறியீடாக இருக்கும் என்று எங்கேயாவது ஒரு நொடி யோசித்திருந்தீர்களானால், தயவுசெய்து உங்கள் கைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பின்னால் கட்டியிருக்கின்றனவா? அப்படியானால் மெதுவாகப் பின்வாங்குங்கள். அங்கே யாரோ நிற்கிறார்கள்.