ஏரியில் பாய்ந்த என் பன்றிகள்

அன்புள்ள ஆர்டித் அக்காவுக்கு,

அயோவாவிலிருந்து தம்பி வெர்லின் எழுதுவது. அரிசோனா வெயிலில் உன் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் கேரனும் நலம். பன்றிகள்தான் நலமில்லை, ஒன்றுகூட.

நம் தம்பி லோவெல் பட்டாளத்திலிருந்து திரும்பியது முதல் ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்திலேயே கிடந்தான், ஊளையிட்டான், கல்லால் தன்னையே கீறிக்கொண்டான், ஷெரிப் மாட்டிய விலங்கை முறித்தான், அதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் ஊர் அவனை மறக்கவில்லை, வருஷா வருஷம் நவம்பரில் படைவீரர் தினத்தன்று குளிப்பாட்டி, ஊர்வல வண்டியில் ஏற்றி, எழுந்து நின்று கைதட்டி, சாயங்காலமே கல்லறைக்குத் திருப்பி அனுப்பிவிடும். போன செவ்வாய்க்கிழமை அக்கரையிலிருந்து படகில் ஒருவர் வந்தார், தாடியும் செருப்புமாக. லோவெலிடம் பெயர் கேட்டாராம், இவன் "நாங்க ஒரு பட்டாளமே உள்ள இருக்கோம்" என்றானாம், அவர் அதட்ட, அந்தப் பிசாசுப் பட்டாளம் இவனை விட்டு என் பன்றிகளுக்குள் புகுந்தது; கொட்டகைக் கதவை உடைத்துக்கொண்டு அத்தனையும் மேட்டிலிருந்து ஏரிக்குள் பாய்ந்து மூழ்கியதை டிராக்டரில் உட்கார்ந்தபடி பார்த்தேன்.

கடவுளின் செயலுக்கு நஷ்டஈடு கிடையாது என்றான் இன்சூரன்ஸ்காரன். இது கடவுளின் செயல் இல்லை என்று பாஸ்டர் ஹார்லன் உடனே எழுதிக் கொடுத்தார். ஆண்டவர் நம் ஊர்ப்பக்கம் வர வாய்ப்பே இல்லையாம். அப்படியானால் பிசாசின் செயல், அதற்கும் கிடையாது என்றான் அவன்.

மாலையில் சர்ச் கூடத்தில் கூட்டம். லோவெல் குளித்து, என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, முன்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தான். அவன் ஊளையிட்டபோது பழகிப்போனவர்கள் இப்போது பயந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அந்தப் படகு ஆள் இங்கே தங்கினால் வேலை போகும், வீட்டு விலை இறங்கும் என்று பேசினார்களே தவிர, எப்படி இருக்கே என்று அவனை யாரும் கேட்கவில்லை. வந்தவரை மரியாதையாகப் போகச் சொல்வதென்று முடிவாயிற்று. அதைச் சொல்லும் வேலை பன்றி வளர்த்த என் தலையில் விழுந்தது.

சொன்னேன். அவர் படகில் ஏறினார். தானும் வருவதாக லோவெல் கெஞ்சினான். வீட்டுக்குப் போய் உன் ஆட்களிடம் நடந்ததைச் சொல் என்று அவர் அனுப்பிவிட்டார். ஆட்கள் என்றால் நான்தானே? என் சமையலறையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

"அண்ணே, நீ கல்லறைப் பக்கம் வரவே இல்லியே?" என்று கோபமில்லாமல் கேட்டான்.

"பன்னிங்க இருந்துச்சுடா."

"இப்ப இல்லியே" என்றான்.

கேரன் உன்னை விசாரித்தாள். ஆண்டவர் உன்னை அங்கேயே வைத்து ஆசீர்வதிக்கட்டும்.

உன் தம்பி,
வெர்லின்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பாஸ்டர் ஹார்லன் பின்வாசல் வழியாக வந்தார். வலி மாத்திரையை விட முடியாமல் கிடக்கிறாளே அவர் மகள், அவளுக்காக, படகு எந்தப் பக்கம் போச்சு என்று லோவெலிடம் மெல்லக் கேட்டார். அவருக்குப் பின்னால் ஷெரிப் நிற்கிறார், அவருக்குப் பின்னாலும் ஆட்கள். லோவெல் எல்லோருக்கும் காபி ஊற்றுகிறான். நாளைக்கு நானும் அவனும் அக்கரைக்குப் போய் அவரைக் கூட்டி வரப் போகிறோம். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.