பாட்டுப் பலகையும் பாஸ்வேர்டும்

செவ்வாய்க்கிழமை காலை ஞானசிகாமணி ஆலயத்துக்குள் நின்று பாட்டுப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பலகையில் எண்கள் மாறியிருந்தன.

"நீது, ஞாயித்துக்கிழமை நம்பரெல்லாம் எங்க போச்சு?"

"இன்னைக்குப் பத்து மணிக்கு அடக்க ஆராதனை இருக்குல்லா அங்கிளே. நான்தான் மாத்தினேன்," என்றாள் அலுவலக உதவியாளர் நீது.

சபை ஈமெயிலின் பாஸ்வேர்டு, ஞாயிறன்று பாடிய நான்கு பாட்டுகளின் எண்கள். இருபது வருடமாகச் சபையில் குமாஸ்தாவாக இருப்பவர் அவர். பாஸ்வேர்டைத் தாளில் எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, முந்நூறு பேர் பார்க்கும் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டார்.

எல்லாம் புதிய செயலாளர் சிபியால் வந்தது. டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அலுவலகத்துக்கு வந்து நின்றான்.

"ஞானம் சாரே, ஒரே பாஸ்வேர்டை அஞ்சு பேரு வச்சிருக்கது செரியில்ல. ஈமெயில், யூடியூப் எல்லாம் வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள என்கிட்ட தந்திரணும். பேடிக்க வேண்டாம், எல்லாம் உங்க மனசுபோலத்தான் நடக்கும். அன்னைக்கு நல்ல சட்டையாட்டுப் போட்டுட்டு வாங்க."

சட்டை விஷயம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதே போதுமான கலக்கத்தைத் தந்தது. ஏனென்றால் அந்த ஈமெயிலுக்குள் அவருடைய ராஜினாமாக் கடிதம் கிடந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அறுப்பின் பண்டிகையில், பந்தல்காரர் பெயர்வரை வாசித்து நன்றி சொன்னவர்கள் இவர் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். அன்று எழுதியது. கமிட்டியின் முகவரியைப் போட்டு, கையெழுத்து இடத்தில் பெயரும் போட்டு, அனுப்பாமல் டிராஃப்டில் விட்டிருந்தார். பிறகு யாராவது அவமானப்படுத்தும்போதெல்லாம் அதைத் திறந்து ஒரு வரி சேர்ப்பார். மனம் ஆறிவிடும். அனுப்ப முடியாது. குடியிருக்கும் வீடு சபையின் வீடு. வேலை போனால் வீடும் போகும். மனைவி சரோஜத்துக்குக்கூட அந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியாது.

ஒரு மாதமாக அதைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. எல்லாரும் ஏனோ அன்பாக நடந்துகொண்டார்கள். ஆயர்கூட இரண்டு தடவை தோளில் கைபோட்டுப் பேசினார்.

சிபி டீ குடிக்கப் போன நேரத்தில் அவசரமாகப் பாஸ்வேர்டை மாற்றினார். கடிதத்தைத் தேடி அழிப்பதற்குள் சிபி திரும்பிவிட்டான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார். திங்கள் விடுமுறை. இன்று பலகையில் அடக்க ஆராதனைப் பாட்டுகள்.

"ஆராதனைத் தாள்ல நம்பர் இருக்குமே," என்று அலுவலகத்துக்கு ஓடி, தாளைத் தேடி எடுத்து எண்களை அடித்தார். தவறு என்றது.

"ஆயர் கடைசி நேரத்துல ஒரு பாட்ட மாத்திட்டாருல்லா," என்றாள் நீது.

"எத?"

"ரெண்டாவது. நூத்தி பன்னெண்டு பாடினோம். இல்ல, மூணாவதோ?"

இரண்டாவதை மாற்றிப் பார்த்தார். மூன்றாவதை மாற்றிப் பார்த்தார். பலமுறை தவறிவிட்டது என்று கணக்கே பூட்டிக்கொண்டது.

"அப்போ அடக்கத்த லைவ் எப்படிப் போட? இறந்தவருக்க மவன் துபாய்ல பாத்துட்டு இருக்கான் அங்கிளே. லீவு கிடைக்காததுனால வரல்ல. அப்பன் முகத்த இதுலதான் பாக்கணும்."

ஞானசிகாமணிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பூட்டைத் திறக்க ஓடிபி வேண்டும். அது போகும் எண் அருமைநாயகத்தினுடையது. பழைய செயலாளர், இறந்து மூன்று வருடமாகிறது. கமிட்டி அவருக்கு இரங்கல் தீர்மானம் போட்டது, படம் திறந்தது. கணக்கிலிருந்து அவர் எண்ணை நீக்க மட்டும் சம்மதிக்கவில்லை. மரியாதைக் குறைவாம்.

ஆட்டோ பிடித்து ஆரியசாலைக்குப் போனார். அருமைநாயகத்தின் மனைவி தங்கபாய் கணவரின் போனைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி. நானே விளிக்கணும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமைக்குப் பொறவு இதுல சபை மெயில் ஒண்ணும் வரல்ல கேட்டியளா."

"சபை மெயில் உங்களுக்கு வருதாக்கா?"

"அவரு இதுல திறந்து வச்சது, அவரு போன பொறவும் வந்துட்டுத்தான் இருந்து. ஒவ்வொண்ணா வாசிச்சு ஜெபம் பண்ணுவேன். சபையில இருந்து வேற யாரு இந்தப் படி ஏறி வாறா?"

ஓடிபியை வாங்கித் தன் போனில் அடித்தார். திறந்தது. புதுப் பாஸ்வேர்டை நீதுவுக்குச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் 'லைவ் வந்தாச்சு' என்று பதில் வந்தது.

பிறகு டிராஃப்டைத் திறந்தார். காலியாக இருந்தது. மறுபடி பார்த்தார். கடிதம் இல்லை. இருபது வருடத்தில் முதல்முறையாகக் கர்த்தர் தன் பக்கம் திரும்பிப் பார்த்ததாக அவருக்குத் தோன்றியது. கண் நிறைந்துவிட்டது.

"தப்பிச்சேன்க்கா. கோவத்துல ராஜினாமா எழுதி இதுக்குள்ள வச்சிருந்தேன். அதுவாட்டு அழிஞ்சு போச்சு."

தங்கபாய் அவரைப் பரிவோடு பார்த்தார்.

"அழியல்ல தம்பி, வாசிச்சுப் பாத்தேன், எல்லாம் நியாயமாட்டுத்தான் எழுதியிருந்தீங்க, அதான் போன மாசமே நான் கமிட்டிக்கு அனுப்பி விட்டேன்."